பொது அறையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

பதினொன்று இருபதுக்குக் கோகிலவாணி ஒரு தடவை பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் ஊழியர் மாதிரி கணினிக்குள் நுழைந்து, மனநல கிளினிக் கொடுத்திருந்த மாதிரி எண் ஒன்றைப் போட்டுத் தேடினாள். அப்படி ஒரு நோயாளி இல்லை என்று திரை சொன்னது. அவ்வளவுதான். சுவர் நிற்கிறது, சோதனை தேறிவிட்டது, படிவத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போய் அக்கடா என்று ஒரு டீ குடிக்கலாம். ஒரு தடவை பாருங்க, பார்த்தாச்சுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, திரும்பிப் பாக்காம நகர்ந்துருங்க, மாத்திரை எல்லாம் அதுக்கு அப்புறம்தான் என்று டாக்டர் அருணகிரி சொல்லியிருந்தார். அவர் சொன்னது காஸ் அடுப்பின் குமிழைப் பற்றி. சர்வருக்கும் அது பொருந்துமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்திருப்பார், யோசிக்கிற டாக்டரைப் பார்த்தால் அவளுக்குப் பயம், அதனால் கேட்கவில்லை. "பார்த்தாச்சு" என்று உதட்டை அசைத்துச் சொன்னாள். பக்கத்து மேசையில் யாரும் இல்லை. சரவணம்பட்டியில் நான்காவது மாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நல்ல வெயில், இந்தப் பக்கம் ஏசி அவள் இடது தோளில் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. எதைப் பார்த்தாய்? ஒரு எண்ணை. ஒரு எண் வரவில்லை என்றால் எந்த எண்ணும் வராதா? போச்சுடா, அந்தப் பழைய சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் ஆள் அதே ஆள்தான், அவளுக்கு அடையாளம் தெரியாதா என்ன.

வேலை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஒரு சர்வர். இப்போது கிளவுடில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சர்வர், அதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஓர் அறை. நோயாளியின் விவரம் வரும்போது எந்த ஆஸ்பத்திரி என்ற குறியீடும் கூடவே வரும். அதைப் பார்த்து சர்வர் அந்தந்த அறைக்குள் விவரத்தை உட்கார வைக்கும். அடுத்த அறைக்காரர் கண்ணில் அது படக் கூடாது. ஒரே கூரை, பல குடித்தனம். அறைகளைக் கட்டியது கோகிலவாணியின் குழு, சுவரில் ஓட்டை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டியது கோகிலவாணி. பன்னிரண்டரைக்குக் கூட்டம். இரண்டு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் மனநல கிளினிக்குக்கும் ஒன்றாகப் புதுச் சர்வரின் கதவு திறக்கும். பழைய நோயாளிகளின் விவரமெல்லாம் ஏற்கெனவே இங்கே ஏற்றியாயிற்று, அதனால் மூன்று மணிக்குக் கிளினிக்கின் பழைய சர்வரை அழித்துவிடுவார்கள். போன மாதம் மேலாளர் நல்லசிவம் வந்து, அடுத்த குடித்தனம் இன்ன கிளினிக் என்று சொன்னபோது அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள், "சரிங்க சார்" என்றாள். நல்லசிவம் நல்ல மனிதர், ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்னே அடுத்ததை ஆரம்பிக்கிற அவசரக்காரர், எதிரே இருப்பவரின் பேனா மூடியை எல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவேட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் சாந்தாமணி. சாந்தாமணி யார் என்றால், கோகிலவாணியின் கணவன் மோகனசுந்தரத்துக்கு உடன்பிறந்த தங்கை. கோயமுத்தூரில் எத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது, இந்த இரண்டும்தானா ஒரே கூரைக்குள் வந்து விழ வேண்டும்? வேலையை யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று அன்று முழுக்க நினைத்தாள். காரணம் கேட்பார்கள். அப்புறம், சுவரை நாமே கட்டினால் நமக்குத்தானே பத்திரம் என்று நினைத்தாள், அப்படி நினைத்ததும் கொஞ்சம் சோறு இறங்கியது.

அது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி என்று சொல்லலாம். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள், காற்று மண்ணை வாரி அடித்தது, காஸை மூடினோமா என்று ஒரு கேள்வி வந்தது. எல்லோருக்கும் வருகிற கேள்விதான். எல்லோரும் மூடியிருப்போம் என்று பஸ் ஏறிவிடுவார்கள், அவள் வீட்டுக்குத் திரும்பினாள். மூடித்தான் இருந்தது. மறுநாள் இரண்டு தடவை. கார்த்திகைக்குள் பதினொரு தடவை. குமிழைப் பார்ப்பாள், தொடுவாள், தொட்டதனாலேயே திறந்துகொண்டதோ என்று மறுபடி தொடுவாள். கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பாள், இழுத்ததில் பூட்டு விட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு தடவை. மோகனசுந்தரம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, "இன்னும் என்னத்த மறந்த?" என்பான். டிபன் டப்பா என்பாள், கண்ணாடி என்பாள், அடையாள அட்டை என்பாள்; ஒரு கட்டத்தில் மறப்பதற்குப் பொருள்களே தீர்ந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால் அதே வருஷம்தான் ஆபீசில் அவளுக்குச் சிறந்த சோதனையாளர் என்று கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போன இடத்தில் முப்பத்தொரு பிழை கண்டுபிடித்திருந்தாள். "வாணி பாத்தாங்கன்னா அப்புறம் கடவுளே பாக்க வேண்டியதில்ல" என்று நல்லசிவம் மேடையிலேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கேடயத்தை வாங்கிக்கொண்டு, வீட்டில் குமிழ் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வியாதி, ஆபீசில் திறமை. நடுவில் ஒரு பஸ் பயணம்தான் வித்தியாசம்.

அந்தக் கிளினிக்கின் முன்வாசல் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கலாம். முதல் தடவை அவள் மூன்று பஸ்ஸைப் போகவிட்டு எதிர்ப்பக்கமே நின்றாள், நான்காவதில் ஏறித் திரும்பிவிட்டாள். இரண்டாவது தடவை, வெள்ளைச் சேலையில் குள்ளமாக ஒரு சிஸ்டர் ரோட்டைத் தாண்டி அவளிடமே வந்து, "முன்னாடி உட்கார முடியலீன்னா சந்துப் பக்கமா வா கண்ணு, அங்க ஒரு கதவு இருக்குது" என்றார். அமலோற்பவம் சிஸ்டர். மருந்துப் பெட்டி இறக்குகிற கதவு அது. உள்ளே ஊசி போடும் அறை, அங்கே ஒரு பழைய கணினி, சிஸ்டர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பெயர் பதிவார். கவுண்டர் கிடையாது, டோக்கன் கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு எட்டு மாதம் போனாள். ஒருவருக்கு எட்டு மாதம் பல்வலி இருக்க முடியுமா என்று ஆபீசில் ஒருத்தரும் கேட்கவில்லை, மகராசர்கள். சந்துக்குள் எதிரே வருகிறவர்களை அவளும் பார்க்க மாட்டாள், அவர்களும் பார்க்க மாட்டார்கள். ஒரு தடவை போலீஸ் பூட்ஸ் போட்ட கால், ஒரு தடவை கல்யாண மெஹந்தி அழியாத கால், கால்களாகத்தான் அவளுக்கு எல்லோரையும் தெரியும். பதினொன்று ஏழாயிற்று, ஏழு மூன்றாயிற்று, ஒரு நாள் ஒரே தடவை பார்த்துவிட்டு பஸ் ஏறினாள், அன்று பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் அழுதாள். நன்றாகத்தான் அழுதாள்.

பதினொன்று நாற்பது. படிவம் திரையில் திறந்தே கிடந்தது, கையெழுத்துக் கட்டம் காலி. ஒரு தடவை பார்த்தாச்சு. கை விசைப்பலகை மேல் இருந்தது, கை பாட்டுக்கு ஒரு கைபேசி எண்ணை அடித்தது. சோதனை செய்கிறவர்களுக்கு அது அனிச்சை. ஏதாவது ஓர் எண் கேட்டால் சொந்த எண்தான் விரலில் வரும். பெரிய ஆஸ்பத்திரியின் தேடல் கட்டத்தில் தன் பத்து இலக்கம். தட்டிவிட்டுத்தான் இது இரண்டாவது தடவை, டாக்டருக்குக் கொடுத்த வாக்குப் போயிற்று என்று நினைத்தாள், அந்த நினைப்பு முடியவில்லை, திரை வந்துவிட்டது. கோகிலவாணி, பெண், வயது முப்பத்தொன்பது. எண்ணச் சுழற்சி நோய். மாத்திரையின் பெயர், காலை ஒன்று, இரவு ஒன்று. கீழே டாக்டரின் குறிப்பு: அடுப்பை ஒரு நாளில் பதினொரு முறை பார்க்கிறார், வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார். அவள் முதலில் அதை யாரோ ஒருத்தியின் விவரம் மாதிரிதான் படித்தாள், பாவம் யார் பெற்ற பிள்ளையோ என்று. பிறகு உள்ளங்கால் ஜில்லிட்டது, பிறகு காதுக்குள் ஒரு சூடு. சாந்தாமணி உட்காருகிற நாற்காலியிலிருந்து பார்த்தால் இது தெரியும். சாந்தாமணிக்கு அண்ணியின் எண் மனப்பாடம். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் சொந்தக்காரர்கள் எண்ணைப் போட்டுப் பார்க்கிற ஆள் அவள், கெட்டவள் இல்லை, பாசக்காரி, அதனால்தான் பயம். கண்ணில் பட்டதை அவளால் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது, சாயங்காலத்துக்குள் அண்ணனுக்குப் போன் போகும். மோகனசுந்தரம் அடிக்கிற ஆளா, வைகிற ஆளா? இல்லை. பாவப்படுவான். அதற்கப்புறம் அவள் ஒரே தடவை காஸை மூடிவிட்டு வந்தாலும், பின்னாலேயே போய் அவன் பார்ப்பான். அதைத்தான் அவளால் தாங்கவே முடியாது.

எப்படி வந்தது என்று யோசிப்பதற்கு ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை, அவள் வேலையில் கெட்டிக்காரிதான், அதில் குறை சொல்ல முடியாது. அறைகள் போக சர்வரில் ஒரு பொது அறை உண்டு. மருந்துப் பெயர்கள், மாவட்டப் பெயர்கள் என்று எல்லோருக்கும் வேண்டியதை அதில் வைப்பார்கள். எந்தக் குடித்தனக்காரர் தேடினாலும் தன் அறையோடு பொது அறையும் தெரியும். ஆஸ்பத்திரிக் குறியீடு இல்லாமல் ஒரு விவரம் வந்தால் சர்வர் அதைத் திருப்பி அனுப்பாது, பொது அறையில் உட்கார வைத்துவிடும். கிளினிக்கின் முன் கவுண்டர் கணினிகளில் எல்லாம் குறியீடு போட்டிருந்தார்கள். ஊசி அறைக் கணினி என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, அதில் குறியீடு கிடையாது. ஆகவே முன்வாசல் வழியாகத் தைரியமாகப் போனவர்கள் எல்லாம் பூட்டிய அறைக்குள் பத்திரமாக இருக்கிறார்கள். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று சந்துக்குள் நுழைந்து போனவர்கள் ஒன்று விடாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபீசின் சோதனைப் பதிவுகளைக் கழித்து எண்ணிப் பார்த்தாள், இருநூற்றுப் பன்னிரண்டு. சின்ன வயதில் அவர்கள் இருந்தது மில் லைன் வீட்டில், பத்து வீட்டுக்கும் ஒரே ஓட்டுக் கூரை, சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே இரண்டடி திறந்து கிடக்கும். மூன்றாம் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசுவது ஏழாம் வீட்டில் கேட்கும். கேட்டாலும் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கேட்டுவிட்டது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய அம்மா அப்பாவிடம் எதையும் வாய்திறந்து சொல்ல மாட்டாள், விரலால் ஜாடை காட்டுவாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அந்த போலீஸ் கால் யார், மெஹந்திக் கால் யார்? திறந்து பார்க்கலாம், அவளால் முடியும். கை மவுசுக்குப் போனது, அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது. அந்த ஆபீசில் சோதனைக்குக் கற்பனைப் பெயர் போடக் கூடாது. கற்பனைப் பெயரில் நிஜமாகவே ஒருவர் எங்காவது இருந்து தொலைத்தால் வம்பு, அதனால் அவரவர் சொந்தப் பெயர், சொந்தக் கைபேசி எண். வியாதி மட்டும் இஷ்டம். ஆக ஆபீசில் எல்லோரும் நோயாளி. நல்லசிவம், ஆண், வயது ஐம்பத்தொன்று, ஏழு மாத கர்ப்பம். நிர்வாகப் பிரிவு வேதவல்லிக்கு நான்கு தடவை நாய்க்கடி. கோகிலவாணிக்கே இடது காதில் பட்டாணி, சற்றுமுன் தன் எண்ணைத் தேடியபோது நிஜப் பதிவுக்குக் கீழே அதுவும் வந்திருந்தது. இந்த டம்மிகள் இருப்பதும் அதே பொது அறையில்தான், முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று, குறியீடு கிடையாது, மாதம் ஒரு தடவை ஒரே பொத்தானில் மொத்தமாகத் துடைத்துவிடுவார்கள். அந்தப் பொத்தான் அவள் கையில் இருக்கிறது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டும் டம்மியோடு டம்மியாகக் கலந்து கிடக்கிறது. இப்போதே துடைத்துவிட்டால்? கசிவு போச்சு, சாந்தாமணி போச்சு, பதினொரு முறையும் போச்சு, உலகத்தில் அதற்குச் சாட்சியே இல்லை. மூன்று மணிக்குப் பழைய சர்வரும் அழிந்துவிடும். நாளைக்குச் சந்து வழியாக வருகிறவருக்கு எந்த மாத்திரை எத்தனை கொடுத்தோம் என்று டாக்டருக்குத் தெரியாது. எதைக் குறைத்தோம், எதை நிறுத்தினால் அந்த மனுஷனுக்குக் கை நடுங்கும், யார் கத்தியைப் பார்க்கக் கூடாது, ஒன்றும் தெரியாது. அவளுக்கு மாத்திரை நின்று ஒரு வருஷம் ஆகிறது, அவளுக்கு என்ன? அவர்களைக் கிளினிக்கின் அறைக்கு நகர்த்திவிடலாம், ஆனால் அதற்கு நல்லசிவத்தின் ஒப்புதல் வேண்டும், ஏன் என்று கேட்பார். தன்னுடையதை மட்டும் அழித்துவிட்டு மற்றவர்களைக் காட்டிச் சொல்லலாம். நிஜ நோயாளி என்று நிரூபிக்க யாராவது ஒருவருடையதைப் பதினான்கு பேர் நடுவில் திறந்து காட்ட வேண்டும். எண் நூற்று நாற்பது. யாரோ. அன்னூரோ சூலூரோ. அவள் சந்தில் குனிந்து நடந்தது மாதிரிதான் அந்த நூற்று நாற்பதும் குனிந்து நடந்திருக்கும். சே, என்று சத்தமாகவே சொன்னாள். அப்புறம் இன்னொன்று தோன்றியது, இதுதான் எல்லாவற்றிலும் மோசம்: சொல்லிவிட்டால், அன்றிலிருந்து அவள் எந்தப் பிழையைக் காட்டினாலும், அந்தம்மாவுக்கு அப்படித்தான், திரும்பத் திரும்பப் பார்க்கிற வியாதி என்பார்கள். கேடயத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வேறு கண்ணால் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்குத் திரையில் பதினான்கு கட்டங்கள், பதினான்கு முகங்கள். இரண்டாவது வரிசையில் சாந்தாமணி, காதில் புதுத் தோடு, அண்ணியைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். நல்லசிவம் தம் அறையிலிருந்து பேசினார். "எல்லாம் முடிஞ்சுது, வாணி பாத்துட்டாங்க, ரெண்டு மணிக்குத் திறந்தர்றோம், அப்புறம் அந்த ரிப்போர்ட்" என்று அவர் ஓடிக்கொண்டிருக்கும்போது கோகிலவாணி, "சார், பொது அறையில நோயாளிங்க விவரம் கிடக்குது. இருநூத்திப் பன்னெண்டு" என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது. நல்லசிவம் சிரித்தார். "அட, அது டம்மிங்க. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நம்ம ஆளுங்க போட்டிருப்பாங்க. நான் மாசமா இருக்கறனே, அதப் பாத்தீங்களா?" எல்லாக் கட்டமும் சிரித்தது. அவள், கிளினிக்கில் முன் கவுண்டர் இல்லாமல் வேறு கணினியிலும் பதிவு நடக்கலாம், அதிலிருந்து வந்ததாக இருக்கும் என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" "தோணுச்சுங்க சார்." "தோணுச்சா? சரி, கேட்டர்லாம், அதுல என்ன இருக்குது" என்று அவர் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார். டாக்டர் அருணகிரி மத்தியானம் வரை நோயாளிகளோடு இருப்பார், எடுக்க மாட்டார், கிளினிக் எண்ணில் எடுத்தது அமலோற்பவம் சிஸ்டர். கோகிலவாணிக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். "சிஸ்டர், உங்க கிளினிக்குல முன் கவுண்டர் தவிர வேற எங்காச்சும் பேர் பதிவீங்களா?" என்றார் நல்லசிவம். கொஞ்சம்கூட யோசிக்காமல் பதில் வந்தது. "இல்லீங்களே. எல்லாம் முன்னாடிதானுங்க." "சந்தேகமே இல்லீங்களே?" "இருபத்தாறு வருஷமா இருக்கறனுங்க, எனக்குத் தெரியாதுங்களா? இங்க பின்னாடி வழியா ஒருத்தரும் வர்றதில்லீங்க." பின்னாடி வழி என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அதைக் கோகிலவாணி மட்டும்தான் கவனித்தாள். சிஸ்டர் பொய் சொல்கிறார், இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்காகப் பொய் சொல்கிறார், இத்தனை ஒழுங்காகப் பொய் சொல்கிற மனுஷியை அவள் பார்த்ததில்லை. அந்தப் பொய்யில்தான் அத்தனை பேரும் அழியப் போகிறார்கள்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றார் நல்லசிவம், சிஸ்டரின் இணைப்பைத் துண்டிக்கக்கூட மறந்து. "டம்மிதான். மொத்தமாத் துடைச்சு விட்டுருங்க வாணி, இப்பவே, எல்லாரும் இருக்கறப்பவே. சுத்தமாப் போயிரும்." பொத்தான் திரையில் சிவப்பாக இருந்தது. எல்லாம் அழியும், உறுதிதானா என்று கேட்டது. உறுதிதானா என்று அவளை யாராவது கேட்டால் ஆயுசுக்கும் அவளுக்குப் பதில் இருந்ததில்லை, இதில் மட்டும் இருந்தது: அவை டம்மி இல்லை. யோசித்துப் பார்த்தால் இது ஒன்றைத்தான் அவள் இரண்டாவது தடவை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு அமுக்கு, இந்த ஏசி, இந்தத் தோடு, இந்தச் சிரிப்பு எல்லாம் அப்படியே இருக்கும், சாயங்காலம் மோகனசுந்தரம் வண்டியில் வந்து நிற்பான், பூ வாங்கட்டுமா என்பான். அவன் பார்வையில் அவள் இன்றைக்கும் டிபன் டப்பாவை மறக்கிறவள்தான். மறப்பவளாகவே இருந்துவிட்டுப் போகலாம். என்ன கெட்டுப் போகிறது? அழித்துவிட்டு நாளைக்கு எழுந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். நிஜமாகவே அழித்தோமா, யாரையெல்லாம் அழித்தோம் என்று பார்க்கத் திரும்பி வருவாள், நாளைக்கு இரண்டு தடவை, கார்த்திகைக்குள் பதினொன்று. பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. "வாணி, லைன்ல இருக்கீங்களா?" "இருக்கறேங்க சார்." மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், அதுல அம்பத்தேழாவது பதிவு கோகிலவாணின்னு இருக்குது. அது டம்மி இல்லீங்க. அது நான்." யாருக்கும் புரியவில்லை, ஒருவர் லேசாகச் சிரித்தார், காதில் பட்டாணியா என்றார். "நெசமாத்தான் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. அந்தக் கிளினிக்குக்குத்தான் எட்டு மாசம் போனேன். சந்துப் பக்கக் கதவு வழியாத்தான் போனேன். சிஸ்டர்தான் பேர் பதிஞ்சாங்க." சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். சாந்தாமணியின் கட்டத்தில் முகம் போய் ஒரு கறுப்புச் சதுரமும் அவள் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் நின்றது. தோடு போய்விட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று கோகிலவாணி நினைத்தாள், உண்மையில் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. நல்லசிவத்தின் கைபேசியில் இணைப்பு இன்னும் உயிரோடு இருந்தது, அதற்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். "சிஸ்டர், நான்தான், கோகிலவாணி" என்றாள். "நானேதான் சொல்றேன், ஒண்ணும் பயமில்ல, நீங்க ஆமான்னு சொல்லுங்க. இல்லீன்னா அத்தன பேரையும் அழிச்சுருவாங்க." அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, ஊசி அறையில் பேசுகிற அதே குரலில், "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"பதினாலு பேர் இருக்காங்க சிஸ்டர்."

"அப்படீன்னா எனக்கு உன்னைத் தெரியாது" என்றார் சிஸ்டர், போனை வைத்துவிட்டார்.

நல்லசிவம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தார். "எதையும் துடைக்க வேண்டாம், ரெண்டு மணிக்கு யாருக்கும் திறக்க வேண்டாம்."